ஒரே உயரத்தில் இரண்டு புள்ளிகள்

அத்தியாயம் 11

"இந்தக் கண்ணாடித் துண்டை வெச்சா ஒரு மனுசனைத் தூக்கி உள்ள போட்டாங்க?"

மர்ஜானா கேட்ட குரலில் கோபமே இல்லை. அதுதான் திருமாலுக்குப் பயமாக இருந்தது. மேடம் கத்தினால் ஒரு இஞ்சி டீயை வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். இப்படித் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தால் எதிரே நிற்பவன் பாடு திண்டாட்டம். புதுச்சேரியில் மருந்துக் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தவள், வேலையை உதறிவிட்டு மங்கலம்பேட்டையில் செல்ஃபோன் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து திருமால் அவளோடு இருக்கிறான். அதற்கு முன் ஷேர் ஆட்டோ ஓட்டினான். ஆட்டோ போனது, வாய் மட்டும் போகவில்லை.

எதிரே நின்றவன் காத்தவராயன். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஃபோட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே இருந்த அந்தத் தனியார் பரிசோதனைக் கூடத்தின் ஒரே டெக்னீஷியன். கூட்டிப் பெருக்குவதும் அவன்தான். முதலாளி சென்னையில் இருந்துகொண்டு ஃபோனில் மட்டும் வருவார்.

மர்ஜானா கையில் இருந்தது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு. அதன்மேல் சிலிக்காவை வெள்ளையாகப் பூசியிருந்தார்கள். கீழே ஒரு கோடு போட்டு, கோட்டின்மேல் சொட்டு வைத்து, அடியை மட்டும் ஒரு திரவத்தில் நனைத்து நிறுத்தினால், திரவம் பூச்சில் ஊறி மேலே ஏறும். சொட்டில் இருக்கும் சரக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு சரக்கும் அதனதன் சுபாவப்படி ஒரு உயரத்தில் நின்றுவிடும். இரண்டு சொட்டு ஒரே உயரத்தில் நின்றால் இரண்டும் ஒரே பொருளாக இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' என்பதைத்தான் இந்தக் கேஸில் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். நோன்பு மாதத்தில் ஒரு பிற்பகல். செராமிக் பேட்டையில் ஒரு பொம்மை யூனிட். சூப்பர்வைசர் ராஜாங்கம், அச்சு வார்க்கிற அசீம் கொண்டு வந்திருந்த ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தார். அடுத்தவன் டிபன் பாக்ஸையும் ஃப்ளாஸ்க்கையும் உரிமையோடு திறக்கிற மனிதர் அவர். சூளைப் பக்கம் போனவர் அங்கேயே சுருண்டு விழுந்தார், வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. முந்தின நாள்தான் உடைந்த அச்சுகளுக்காக அவருக்கும் அசீமுக்கும் பெரிய வாய்ச்சண்டை நடந்திருந்தது. அசீமின் சாமான் பெட்டியைக் கிளறினால் ஒரு பூச்சிமருந்து பாட்டில். அச்சு அடுக்குகிற பலகையில் கரையான், அதற்காக வாங்கினேன் என்றான். யார் நம்புவார்கள்? டீயிலிருந்தும் பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து இந்தக் கூடத்துக்கு ஓடி வந்தார்கள். தட்டில் இரண்டு புள்ளி, ஒரே உயரத்தில். அவ்வளவுதான், அசீம் கடலூர் ஜெயிலில்.

அரசாங்க ரிப்போர்ட் ஆடி அசைந்துதான் வரும். அதுவரை இந்தத் தட்டின் ஃபோட்டோவைக் காட்டியே ஜாமீனை மறுத்துக்கொண்டிருந்தார்கள். 'நோன்பு வெச்சவன் பட்டப்பகல்ல எதுக்குய்யா டீ கொண்டு வந்தான்?' என்பது போலீசின் கேள்வி. சாயங்காலம் நோன்பு திறக்கத்தான் கொடுத்தனுப்பினேன் என்று அவன் மனைவி பர்வீன் தொண்டை வறளச் சொன்னாள். எடுபடவில்லை. பெருநாளும் அவன் இல்லாமலே போய்விட்டது.

நாளைக்கு மறுபடி ஜாமீன் மனு. வக்கீல் மோகனப்பிரியா அலையாய் அலைந்து, மிச்சமிருக்கும் மாதிரியை இதே கூடத்தில், தன் கண்முன்னால், வீடியோ எடுத்துக்கொண்டு இன்னொரு முறை சோதிக்கலாம் என்று கோர்ட்டில் அனுமதி வாங்கியிருந்தாள். இது போனால் அசீமுக்கு வேறு கதி கிடையாது.

"திருமாலு, புள்ளி ரெண்டும் எங்க இருக்குது பாரு."

"உச்சாணியில மேடம். இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா தட்டை வுட்டே குதிச்சிருக்கும்."

"என்ன திரவம் ஊத்துன தம்பி?"

"அசிட்டோன்ங்க" என்றான் காத்தவராயன்.

"வெறும் அசிட்டோனா?"

"அதான்ங்க சீக்கிரம் ஏறும். போலீசுகாரங்க வாசல்லயே நின்னாங்க. ஓனரு வேற ஃபோன்ல, ஆச்சா ஆச்சான்னு..."

மர்ஜானா தட்டைக் கீழே வைத்தாள். "அசிட்டோன் இதுக்கு முரட்டுத் திரவம். எதை வெச்சாலும் வாரிக்கிட்டு உச்சிக்குப் போயிடும். வேற வேற மருந்தா இருந்தாலும் ஒரே எடத்துல போய்த்தான் நிக்கும்."

"புரிஞ்சிடுச்சு மேடம்" என்றான் திருமால். "வேப்பூர்ல நிக்காத பஸ்ஸு. உளுந்தூர்பேட்டையில யாரை ஏத்தினாலும் நேரா திருச்சியிலதான் எறக்கும். ரெண்டு பேரும் திருச்சியில எறங்குனாங்க, அதனால ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆளுங்கன்னு முடிவு கட்டிட்டாங்க."

மோகனப்பிரியா ஃபோனைப் பிடித்தபடியே சிரித்துவிட்டாள். "இதை நாளைக்கு கோர்ட்டுல அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மேடம், காப்பிரைட்டு கேக்க மாட்டேன்."

"நாம இப்ப நின்னு நின்னு போற பஸ்ஸு விடணும்" என்றாள் மர்ஜானா. "மெதுவா இழுக்குற ஹெக்சேன் திரவத்துல கொஞ்சமா அசிட்டோன் கலந்தா போதும். அவனவன் ஊர்ல அவனவன் எறங்குவான்."

ஆனால் ஏற்றுவதற்குப் பயணி வேண்டுமே. காத்தவராயன் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்த குட்டி சீசாக்களில், அசீமின் பாட்டில் மருந்து தாராளமாக இருந்தது. ஃப்ளாஸ்க் டீயிலிருந்து பிரித்தெடுத்த சாறு அடியில் ஈரமாகத்தான் ஒட்டியிருந்தது. மர்ஜானா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏன்பா, இவ்ளோ கொஞ்சமாவா இருக்கும்?"

"அன்னைக்குப் பெரிய பெரிய சொட்டா வெச்சிட்டேன்ங்க. நல்லாத் தெரியட்டும்னு." காத்தவராயன் தலையைச் சொறிந்தான்.

திருமாலின் முகம் விழுந்துவிட்டது. கீழே, படிக்கட்டு ஓரத்துப் பெஞ்சில், பர்வீன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போய், 'சோதிக்கச் சரக்கே இல்லம்மா, பெரிய பொட்டா வெச்சு தீர்த்துட்டாங்க' என்று எந்த வாயால் சொல்வது?

"பழகறதுக்கு பாட்டில் மருந்தை ஓட்டிப் பாப்போம்" என்றாள் மர்ஜானா.

பார்த்தார்கள். அசிங்கமாக வந்தது. திரவம் ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி, சரிவாக ஏறியது. புள்ளி புள்ளியாக நிற்காமல், மூக்கைச் சிந்தி இழுத்த மாதிரி நீளமாக வழிந்திருந்தது. மோகனப்பிரியா சலிப்போடு ஃபோனைத் தாழ்த்திவிட்டாள்.

"தட்டு நீயே பூசுறதா?" என்று கேட்டாள் மர்ஜானா.

"ஆமாங்க. ரெடிமேடு தட்டு வாங்க ஓனரு ஒத்துக்கல."

"பொம்மை யூனிட்ல வேலை பாத்திருக்கியா?"

காத்தவராயன் திகைத்தான். "பளபளப்புக்குக் கிளேஸ் பூசுற செக்ஷன்ல இருந்தேன்ங்க. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"பூச்சு ஒரு பக்கம் தடிமனா, ஓரத்துல உருண்டு நிக்குது. பொம்மையை கிளேஸ்ல முக்கி, ஒரு உதறு உதறி, தலைகீழாப் புடிப்பீங்க இல்ல? அந்தக் கை அப்படியே தட்டுக்கும் வந்திருக்குது. பொம்மைக்கு அது அழகு. இங்க மேடும் பள்ளமுமா ஆயிடும், ஓட்டம் கோணிக்கும்."

"அப்போ மேடம், பொம்மைக்கு மேக்கப் போட்ட ஆளை வெச்சு போஸ்ட்மார்ட்டம் பண்ணியிருக்காங்க" என்றான் திருமால்.

காத்தவராயன் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான். மர்ஜானா அவனைத் திட்டவில்லை. இருக்கிற தட்டுகளையெல்லாம் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெளிச்சம் எங்கும் ஒரே மாதிரி கசிகிற இரண்டைத் தேடி எடுத்தாள். காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கும் என்று மின் அடுப்பில் வைத்துச் சூடேற்றினாள். ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும், விரல் பட்டால் விரல் எண்ணெயும் புள்ளியாகத் தெரியும் என்று எல்லாரையும் எச்சரித்தாள்.

"அப்புறம் திருமாலு, கீழ போயி ஒரு டீ வாங்கிட்டு வா. சர்க்கரை போட்டு."

"ஒண்ணா? நாம நாலு பேரு இருக்கோமே."

"நமக்கு இல்லடா. தட்டுக்கு."

"தட்டுக்கு டீயா! எனக்குத் தெரிஞ்சு ரெண்டு தடவ டீ கேட்டா மொறைக்கிற மேடம் நீங்க."

"விஷம் இல்லாத டீ எப்படி ஓடுதுன்னு பக்கத்துலயே காட்டணும். இல்லன்னா டீயோட புள்ளி எது, விஷத்தோட புள்ளி எதுன்னு எவன் சொல்லுவான்? இன்னொண்ணும் வேணும். பேரு தெரிஞ்ச வேற ஒரு பூச்சிமருந்து. இந்தத் தட்டு ரெண்டு மருந்தைப் பிரிச்சுக் காட்டும்னு நிரூபிக்க அது வேணும். கடைல போயி ஏதாவது..."

"எங்க வூட்ல எறும்பு மருந்து இருக்குதுக்கா."

வாசலில் பர்வீன் நின்றிருந்தாள். எப்போது மேலே ஏறி வந்தாளோ. முக்காட்டை இழுத்துப் பிடித்திருந்தாள். "எங்க அண்ணன் துபாய்லேர்ந்து கொடுத்துவுட்டது. நல்ல மருந்து. எடுத்தாரட்டுமா? அவருக்கு ஒதவும்னா என்னா வேணா எடுத்தாரேன்க்கா."

மர்ஜானா ஒரு கணம் யோசித்தாள். கடைத்தெருவில் தேடுவதைவிட இது சுலபம். "போயிட்டு வாங்க. திருமாலு, கூட்டிக்கிட்டுப் போ."

இருவரும் மங்கலம்பேட்டைக்கு வண்டியில் போனார்கள். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஆம்பிளை இல்லாத வீட்டில் செய்ய வேலை இல்லாமல் துடைத்துத் துடைத்தே வைத்திருப்பாள் போல. சமையல்கட்டில் ஒரு மர அலமாரி. அதன் ஒவ்வொரு காலிலும் நீலக் கட்டம் போட்ட கைலித் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

"என்னாம்மா இது, அலமாரிக்குக் கொலுசா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "எறும்புக்குண்ணா. இந்த மருந்துல துணியை நனைச்சு, கொடியில போட்டு காயவெச்சு காலுல கட்டிட்டா, ஒரு எறும்பு மேல ஏறாது. அவரோட பழைய கைலிதான்." அலமாரிக்கு மேலிருந்து பாட்டிலை எடுத்து, அரபு எழுத்து தெரியும்படி அவனிடம் காட்டினாள். "இதுனால அவரு வெளிய வந்துட்டா, பள்ளிவாசலுக்கு நேர்ச்சை வெச்சிருக்கேன்."

"வந்துடுவாரு. எங்க மேடம் கை வெச்சா சும்மா போகாது" என்றான் திருமால். சொன்னதை அவன் நம்பவும் நம்பினான்.

திரும்பி வந்ததும், தொழுதுவிட்டு வருகிறேன் என்று பர்வீன் வாசலோடு போய்விட, திருமால் மேலே வந்து அலமாரிக் கொலுசுக் கதையைச் சொன்னான். மர்ஜானா அதற்குள் ஏற்பாடெல்லாம் முடித்திருந்தாள். கண்ணாடி ஜாடியில் திரவம், சுவரோடு ஒட்டி நனைந்த வடிதாள், மேலே மூடி. உள்ளே காற்று முழுக்கத் திரவத்தின் ஆவி நிறைந்த பிறகுதான் தட்டு இறங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் ஓரமும் நடுவும் வேறு வேறு வேகத்தில் ஏறுமாம். தட்டில் பென்சிலால் மெல்லக் கோடு இழுத்திருந்தாள்.

முடி போன்ற கண்ணாடிக் குழாயால் வரிசையாகப் பொட்டு வைத்தாள். கடை டீ, ஃப்ளாஸ்க் டீ, அசீமின் பாட்டில், கடைசியில் பர்வீனின் எறும்பு மருந்து. ஒவ்வொன்றும் எள்ளை விடச் சின்னது. ஒரு தொடு, ஊதிக் காயவைத்து மறுபடி ஒரு தொடு. ஃப்ளாஸ்க் டீயை வைக்கும்போது அறையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

"கோடு திரவத்துக்கு மேல இருக்குதா பாரு திருமாலு. கோடு முங்கிட்டா பொட்டெல்லாம் ஜாடியிலயே கரைஞ்சிடும். அப்புறம் அசீமுக்கு அல்லாதான் தொணை."

"மேலதான் இருக்குது மேடம்."

தட்டு இறங்கியது. மூடி விழுந்தது.

"யாரும் மேசையைத் தொடாதீங்க."

"தும்மலாமா?"

"வெளிய போய்த் தும்மு."

ஈரம் மெல்ல மெல்ல ஏறியது. நேர்கோடாக ஏறியது. அதைப் பார்க்கப் பார்க்க திருமாலுக்கு நெஞ்சு லேசானது. உச்சியைத் தொடுவதற்குள் மர்ஜானா தட்டை வெளியே எடுத்து, காய்வதற்கு முன்பே ஈரம் நின்ற இடத்தைப் பென்சிலால் கோடிட்டாள். உலர்த்தி, அயோடின் படிகம் போட்ட இன்னொரு ஜாடிக்குள் வைத்தாள். வெள்ளைத் தட்டில் பழுப்பாகப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முகம் காட்டின. அவை மங்கிவிடும் என்று சுற்றிலும் பென்சிலால் வட்டமிட்டாள்.

டீயின் சமாச்சாரமெல்லாம் கடை டீயிலும் ஃப்ளாஸ்க் டீயிலும் அடியிலேயே கிடந்தது. அசீமின் பாட்டில் மருந்து கால்வாசி உயரத்தில் நின்றிருந்தது. ஃப்ளாஸ்க் டீயில் இருந்த விஷம்? அது பாதிக்கு மேலே போயிருந்தது.

"வேற வேற!" மோகனப்பிரியா கத்தியே விட்டாள். "அது வேப்பூர், இது திருச்சி! மேடம், பாட்டிலுக்கும் டீக்கும் சம்பந்தமே இல்ல!"

காத்தவராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் தட்டால் ஒருத்தன் ஜெயிலுக்குப் போனது அவனையும் தூங்கவிடாமல் வைத்திருந்தது போல. மோகனப்பிரியா வீடியோ ஓடிக்கொண்டிருந்த ஃபோனை அவன் கையில் கொடுத்துவிட்டு, பர்வீனைத் தேடிப் படியிறங்கி ஓடினாள். திருமால் ஒரு குத்தாட்டம் போடலாமா என்று யோசித்துக்கொண்டு மர்ஜானாவைப் பார்த்தான்.

மர்ஜானா சிரிக்கவில்லை. அவள் விரல் தட்டின் கடைசி வட்டத்தின் மேல் நின்றிருந்தது.

திருமால் குனிந்து பார்த்தான். எறும்பு மருந்தும் பாதிக்கு மேலேதான் நின்றது. ஃப்ளாஸ்க் டீயின் விஷத்துக்கு நேரே, நூல் பிடித்தாற்போல், ஒரே உயரத்தில்.

"மேடம்... ஒரே உயரம்னா ஒரே பொருள்னு ஆயிடாது. நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்ப வுட்டுடுங்க. நமக்கு வேண்டியது கெடச்சிடுச்சு. இந்தக் கடைசி வரிசையைச் சுரண்டிப் போட்டுட்டா?"

"வீடியோவுல இருக்குது. வீடியோ இல்லன்னாலும் சுரண்ட மாட்டேன்." அவள் குரல் இன்னும் தணிந்தது. "இது வேற மருந்தா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. கண்டுபுடிக்க ஒரு வழி இருக்குது. ஃப்ளாஸ்க் சாறு மேலயே எறும்பு மருந்தையும் ஒரே பொட்டா வெச்சு, வேற திரவத்துல ஓட்டணும். வேற வேற ஆளா இருந்தா வழியில பிரிஞ்சிடுவாங்க. ரெண்டு புள்ளி வரும்."

"ஒரே ஆளா இருந்தா?"

அவள் ஃப்ளாஸ்க் சாறு இருந்த சீசாவை ஒரு துளி திரவம் விட்டு அலசி, ஒட்டியிருந்த கடைசி ஈரத்தையும் திரட்டினாள். இரண்டாவது தட்டும் ஜாடிக்குள் இறங்கியது.

இவ்வளவு நேரம் எல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட திருமால், இப்போது ஏதாவது தப்பு நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். கோடு முங்கட்டும், தட்டு சாயட்டும், கரண்டு போய் எல்லாம் குழம்பட்டும். பழமலைநாதா, ரெண்டாப் பிரிச்சு வுடு. சாமியிடம் இப்படி உருகி அவன் எதையும் கேட்டதில்லை. ஈரம் அதுபாட்டுக்கு நேராக, ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. மேடத்தின் கைத்திறமை மேல் அவனுக்கு முதல்முறையாக ஆத்திரம் வந்தது.

அயோடின் ஜாடியில் பழுப்பு கசிந்தது. ஒரே ஒரு புள்ளி. உருண்டையாக, விளிம்பு பிசிறாமல் நின்றது.

படியில் காலடி கேட்டது. பர்வீன் மூச்சு வாங்க ஓடி வந்தாள். பின்னாலேயே மோகனப்பிரியா.

"அக்கா! வக்கீலம்மா சொன்னாங்க. அந்தப் பாட்டில் இல்லையாம்! அவரு வந்துடுவாரு இல்லக்கா?" மர்ஜானாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்."

மர்ஜானா கையை இழுத்துக்கொள்ளவில்லை. "உக்காரு பர்வீன். ஒண்ணு கேக்குறேன். அந்த ஃப்ளாஸ்க்கோட மூடி எப்படிப்பட்டது?"

"அதுவா? கார்க்குதான்க்கா. பழசாயி லூசாயிடுச்சு. டீ ஒழுவுது, பையெல்லாம் நனையுதுன்னு டெய்லி சொல்லிக்கிட்டே இருந்தாரு. அன்னைக்குத்தான் ஞாபகம் வந்து, கார்க்கு மேல துணி சுத்தி, இறுக்கமா அழுத்தி மூடிக் கொடுத்தேன். 'இப்பதான் ஒழுங்கா மூடியிருக்கே'ன்னு..." அவளுக்கு வெட்கம் கலந்த சிரிப்பு வந்தது. "பாராட்டிட்டுப் போனாரு."

"என்ன துணி?"

"வூட்ல கெடந்ததுதான்க்கா. கொடியில தொங்குச்சு. அவரு கைலி கிழிச்ச..."

நிறுத்தினாள்.

மேசைமேல் இருந்த எறும்பு மருந்து பாட்டிலைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். அவளுக்குத் தட்டு படிக்கத் தெரியாது. ஆனால் எதிரே இருந்த முகங்களைப் படிக்கத் தெரிந்தது.

"நனைக்காத துண்டும் கொடியிலதான்க்கா கெடந்துச்சு" என்றாள், யாரோ அதட்டிக் கேட்டதுபோல. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். காஞ்சிட்டா வாடை அவ்வளவா தெரியாது. நான் பாத்துத்தான்க்கா எடுத்தேன். பாத்துத்தானே எடுத்திருப்பேன்?"

வண்டியில் உட்கார வைத்து, ஜோக்கடித்து, அந்தப் பாட்டிலையும் அவளையும் இங்கே கொண்டு வந்து சேர்த்தது தான்தான் என்று திருமால் நினைத்தான்.

மேசைமேல் இருந்த இரண்டு தட்டுகளையும் பார்த்த மோகனப்பிரியாதான் முதலில் சுதாரித்தாள். மர்ஜானாவின் காதோரம் குனிந்தாள். "மேடம், ரெண்டாவது தட்டை நாம தாக்கல் பண்ண வேணாமே. பாட்டில் இல்லங்கிறது மட்டும் போதுமே."

"போதாதும்மா. பாட்டில் இல்லன்னா வேற மருந்தை ஊத்துனான்னு சொல்லுவாங்க. டீ கொண்டு வந்தது அவன்தானே? எப்படி உள்ள போச்சுன்னு சொன்னாத்தான் அவன் வெளிய வருவான். அந்தக் கார்க்குத் துணி போலீசு கையிலதான் இருக்குது, சோதிக்கச் சொல்லி நாமதான் கேக்கணும். அவனைக் காப்பாத்துற சாட்சியும் இவளைக் காட்டிக்கொடுக்குற சாட்சியும் அந்த மொதத் தட்டு ஒண்ணுலயே இருக்குது. தனித்தனித் தட்டுல ஓட்டியிருந்தா உயரத்தை ஒப்பிட முடியாது, செல்லாது."

பர்வீனுக்கு இது காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. அவள் வேறெங்கோ போய்விட்டிருந்தாள்.

"ராஜாங்கம் அண்ணன் எடுத்துக் குடிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள். "பாங்கு சொன்னதும் அவரு திறந்திருப்பாரு. நாளெல்லாம் காஞ்ச வயித்துல, மொத வாயே அதைத்தான் குடிச்சிருப்பாரு. நான் அவருக்குத்தான்க்கா குடுத்தனுப்பியிருக்கேன்."

அழுவாள் என்று பார்த்தார்கள். அழவில்லை. முக்காட்டைச் சரி செய்துகொண்டு, வக்கீலைப் பார்த்துத் திரும்பினாள்.

"நாளைக்குச் சொல்லிடுங்கம்மா. நாந்தான் சுத்துனேன்னு சொல்லிடுங்க. சொன்னா அவரை வுட்டுடுவாங்க இல்ல?"

"நாளைக்கேன்னு சொல்ல முடியாது. துணியைச் சோதிச்சதும் வுட்டுடுவாங்க" என்றாள் மோகனப்பிரியா. "கேஸு உங்க பக்கம் திரும்பும் பர்வீன். தெரியாம நடந்ததுன்னு நான் வாதாடுவேன். ஆனா..."

"அது இருக்கட்டும்மா. ராஜாங்கம் அண்ணன் வூட்டு ஆளுங்ககிட்டயும் நானே போய்ச் சொல்லணும். அது கெடக்கட்டும்." அவள் கேட்க நினைத்தது வேறு. மர்ஜானாவையும் திருமாலையும் பார்த்தாள். "அவரு வூட்டுக்கு வந்தப்புறம்... என் கையால எதுனா குடுத்தா, வாங்கிச் சாப்பிடுவாராக்கா?"

கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும் என்றே இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.